வேர்கள் கட்டிய மண்: கூரம் ஏரிப்பாசனத்தின் மறுபக்கம்

முன்னுரை

காஞ்சிபுரம் என்றவுடன் பட்டுப்புடவையும் கோயில் கோபுரங்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்நகரை அடுத்துள்ள சிற்றூரான கூரம், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் அவதரித்த தலம். வரலாற்று மாணவர்களுக்கோ அது பல்லவர் செப்பேட்டின் ஊர். இந்த இரண்டு பெருமைகளுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் மண். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஏரி வெட்டி, கால்வாய் இழுத்து, பயிர் செய்த ஊர் கூரம். அந்த ஏரியை வெட்டியது யார் என்று செப்பேடு சொல்கிறது. ஆனால் அதன் கரையைப் பிடித்து வைத்ததும், உழுது குழைத்த வயலைத் திரும்பத் திரும்பச் சீராக்கியதும் யார் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அந்த வேலையைச் செய்தவை செடிகளின் வேர்கள். அவற்றின் வரலாறே இக்கட்டுரை.

செப்பேடு சொல்லும் ஏரி

7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தைச் சேர்ந்தது கூரம் செப்பேடு. வடமொழியும் தமிழும் கலந்த இச்செப்பேட்டை ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். சாளுக்கியருக்கு எதிரான பெருவளநல்லூர்ப் போரைப் பாடும் இந்த ஆவணம், அதே மூச்சில் ஊர்க்காரியங்களையும் பேசுகிறது. கூரத்துச் சிவன் கோயிலுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது, மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு விடப்பட்டது, பரமேசுவர தடாகம் என்ற ஏரி தோண்டப்பட்டது, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டப்பட்டது ஆகிய செய்திகள் இதில் உள்ளன. பெரும்பிடுகு என்பது பல்லவ மன்னர்களின் பட்டப்பெயர்களுள் ஒன்று.

போர் செய்த மன்னன் ஏரியும் வெட்டினான் என்பதில் வியப்பில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு பாலாறு. வெள்ளம் வரும் சில நாட்களில் நீரைப் பிடித்து வைத்தால்தான் மற்ற மாதங்களில் பயிர் செய்ய முடியும். அதனால்தான் பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஏரிகளாக நிறைந்து, 'ஏரி மாவட்டம்' என்றே பெயர் பெற்றது. அதே பகுதியில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்ற தனிக் குழுவையே குறிப்பிடுகின்றன. ஏரி வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. அதைக் காப்பதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டியது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

கரையைப் பிடித்த வேர்கள்

ஏரிக்கரை என்பது வெறும் மண்மேடு. சிமெண்டு கிடையாது, கம்பி கிடையாது. மேலே மழை அடிக்கும். உள்ளே அலை மோதும். இத்தனைக்கும் நடுவே மண் கரையாமல் நிற்க வேண்டும். இதற்கு உதவியது அருகு போன்ற புல் வகைகள். புல்லுக்கு ஆணிவேர் இல்லை. மெல்லிய சல்லிவேர்கள் ஆயிரக்கணக்கில் பரவி மேல்மண்ணை வலைபோலப் பின்னிக் கொள்கின்றன. மழைத்துளி நேராக மண்ணில் விழாமல் இலை தடுக்கிறது. இலையைத் தாண்டி ஓடும் நீர் மண்ணை அடித்துச் செல்லாமல் வேர் பிடித்துக் கொள்கிறது.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்ற ஒரு புல்லுக்குத் தமிழ்ப் பெயரே நிலைத்துவிட்டது. அது வெட்டிவேர். ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் வழங்கும் 'வெட்டிவர்' என்ற சொல் தமிழிலிருந்து சென்றதுதான். அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேர் கீழாக 3 மீட்டருக்கும் மேல் இறங்கக் கூடியது. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பகுதி உழவர்கள் தலைமுறைகளாக இதை வயல் எல்லையில் வேலியாக வளர்த்து வந்தனர். 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் மண் அரிப்பைத் தடுக்கும் வழியாக இதைக் கையில் எடுத்தனர். அதன்பின் பல நாடுகளில் சாலைச் சரிவுகளையும் மலைச்சரிவுகளையும் காக்க வெட்டிவேர் நடப்படுகிறது. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டக் கடலோர மணல் நிலங்களில் இது நறுமண எண்ணெய்க்காகப் பயிரிடப்படுகிறது.

கரையில் நிற்கும் இன்னொரு காவலாளி பனை. பனையும் புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரமே. அதன் வேர்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் ஆலமர வேரைப்போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. எனவே கரையைப் பிளக்காமல் பிடித்துக் கொள்கின்றன. 2021இல் தமிழக அரசின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், ஏரிக்கரைகளில் பனை நடுவதற்கும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை வெட்டப்படுவதைத் தடுப்பதற்கும் அறிவிப்புகள் இடம்பெற்றன.

ஆனால் எல்லா வேரும் கரைக்கு நண்பன் அல்ல. பெரிய மரம் கரையில் வளர்ந்து, பின்னர் வெட்டப்பட்டால், உள்ளே இருக்கும் பருத்த வேர் மெல்ல மெல்ல அழுகிப் போகும். வேர் இருந்த இடம் ஒரு குழாயாக மாறும். ஏரி நிறையும்போது நீர் அந்தக் குழாய் வழியே ஊறி, மண்ணை இழுத்துக்கொண்டு மறுபக்கம் வெளிவரும். கரை உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று அணைப் பொறியாளர்கள் எச்சரிக்கின்றனர். 1870களில் விறகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் இன்று ஏரிகளின் உள்ளும் கரையிலும் மண்டிக் கிடக்கிறது. அதை மேலே மட்டும் வெட்டிவிட்டுப் போனால் பாதி வேலைதான் முடிந்தது. அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும், அல்லது வேர் அழுகிக் கரையில் துளை விழும். வேரோடு எடுத்து, அந்தக் குழியில் மண்ணிட்டு இறுக்கினால்தான் கரை பிழைக்கும்.

வயலில் மனிதன் உடைப்பதும் வேர் கட்டுவதும்

கரையில் மண் இறுகி நிற்க வேண்டும். வயலிலோ மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். நல்ல தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது மாவு போலவும் இருக்காது, பாறை போலவும் இருக்காது. சிறுசிறு உருண்டைகளாக உதிரும். உருண்டைக்குள் இருக்கும் நுண்ணிய இடைவெளி நீரைப் பிடித்து வைக்கும். உருண்டைகளுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளி மிச்ச நீரை வடித்துக் காற்றை உள்ளே விடும். இந்த அமைப்புக்குத்தான் மண் கட்டமைப்பு என்று பெயர்.

நெல் உழவர் செய்யும் முதல் வேலையே இந்தக் கட்டமைப்பை உடைப்பதுதான். வயலில் நீர் கட்டி, பலமுறை சேற்றுழவு செய்து, பரம்படித்துச் சமப்படுத்துகிறார். உருண்டைகள் கரைந்து குழம்பாகின்றன. மாட்டின் குளம்பும் கலப்பையும் திரும்பத் திரும்ப அழுத்துவதால் சுமார் அரை அடி ஆழத்தில் ஒரு கெட்டியான தட்டு உருவாகிறது. இது தவறு அல்ல. ஏரியில் அரும்பாடுபட்டுச் சேர்த்த நீர் மண்ணுக்குள் இறங்கி வீணாகாமல் வயலில் நிற்பது இந்தத் தட்டினால்தான். நெற்பயிரும் இதற்கேற்ற உடல் கொண்டது. தண்டின் வழியே வேருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழல்கள் அதற்கு உண்டு. அந்தக் காற்று வேரிலிருந்து சிறிது கசிந்து சேற்றில் உள்ள இரும்பைத் துருவாக்குகிறது. அறுவடை முடிந்த வயலில் ஒரு மண்கட்டியை உடைத்துப் பார்த்தால், வேர் சென்ற வழியெல்லாம் செம்பழுப்புக் கோடுகள் தெரிவது இதனால்தான்.

சிக்கல் அடுத்த பயிருக்குத்தான் வரும். காய்ந்த சேறு கல்லாகிறது. அதை மறுபடி மண்ணாக்குவது வெயிலும், வெடிப்பும், வேரும். ஏரி நீர் வற்றும் காலத்தில், அறுவடைக்கு முன்பே ஈரம் காயாத வயலில் உளுந்தோ பாசிப்பயறோ தூவும் வழக்கம் தமிழ்நாட்டு நஞ்சைகளில் பழமையானது. நடவுக்கு முன் கொளுஞ்சி, தக்கைப்பூண்டு போன்றவற்றை வளர்த்து மடக்கி உழுவதும் உண்டு. பயறு வகைகளின் ஆணிவேர் வெடிப்புகளின் வழியே கீழே இறங்கி வழி திறக்கிறது. வேர் மட்கியபின் அந்த வழி அடுத்த பயிருக்குப் பாதையாகிறது.

திருவள்ளுவர் 'உழவு' அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறார் (குறள் 1037). மண்ணைக் காயவிட்டு ஆறவிடுவதன் அருமையை அந்தக் காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று.

அறிவியல் வேரைக் கண்டுகொண்ட கதை

உழவர்கள் பட்டறிவால் கண்டதை அறிவியல் மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. 19ஆம் நூற்றாண்டில் மண் என்றால் உரச்சத்து என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சைதாப்பேட்டையில் 1860களில் ஆங்கில அரசு ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. நாட்டுக் கலப்பை மேலோட்டமாகக் கீறுகிறது, ஆழ உழும் இரும்புக் கலப்பையே நல்லது என்ற கருத்து அங்கே ஓங்கியிருந்தது. பெரும்பாலான உழவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களின் மெலிந்த மாடுகளால் அந்தக் கலப்பையை இழுக்க முடியாது என்பது ஒரு காரணம். நீர் நிற்கக் கெட்டித்தட்டு தேவைப்படும் நஞ்சை நிலம், இங்கிலாந்தின் கோதுமை நிலம் அல்ல என்பது இன்னொரு காரணம். 1889 முதல் 1891 வரை இந்தியாவைச் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலர், இந்திய உழவர்களுக்குக் கற்பிப்பதைவிட அவர்களிடம் கற்க வேண்டியதே பல இடங்களில் உண்டு என்ற கருத்துப்பட 1893இல் அறிக்கை எழுதினார். சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்வி பின்னர் கோயம்புத்தூருக்கு மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுவே.

மண்ணை விட்டு வேரைப் பார்க்கத் துணிந்தவர்கள் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி கேப்ரியல் ஹோவர்டும் ஆவர். 1905இல் இந்தியா வந்த இவர்கள், பயிர்களின் அருகே குழி தோண்டி வேர்களை வெளிப்படுத்தி ஆராய்ந்தனர். ஆளி விதைப் பயிரில், தீபகற்பத்தின் கரிசல் நிலத்து வகைகளுக்கு வேர் ஆழமாகவும், கங்கைச் சமவெளியின் வண்டல் நிலத்து வகைகளுக்கு வேர் மேலோட்டமாகவும் இருப்பதைக் கண்டனர். மண்ணுக்கு ஏற்ப வேரும், வேருக்கு ஏற்ப மண்ணும் அமைவதை அவர்கள் வலியுறுத்தினர். துவரையின் வேர் இறுகிய மண்ணைத் திறந்து காற்றோட்டம் தருவதையும் எடுத்துக் காட்டினர்.

இதே காலத்தில் பிற நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. வேரோடு கூடி வாழும் பூஞ்சைக்கு 1885இல் ஜெர்மனியின் ஃபிராங்க் 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். வேரைச் சுற்றியுள்ள உயிர்ப்பான மண்ணுக்கு 1904இல் ஹில்ட்னர் 'ரைசோஸ்பியர்' என்று பெயரிட்டார். 1937இல் அமெரிக்காவில் டிட்மர் என்பவர் ஒரு பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை செடியின் வேர்களை அளந்தார். சுமார் 1 கோடியே 38 லட்சம் வேர்கள், மொத்த நீளம் சுமார் 620 கி.மீ. என்று கணக்கு வந்தது! சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை நீளும் வேர் ஒரு பெட்டி மண்ணுக்குள் இருந்தது.

இத்தனை வேரும் மண்ணில் என்ன செய்கின்றன? அவை செய்யும் வேலைகளை இப்படித் தொகுக்கலாம்.

முதலாவது, தள்ளுதல். வேர் நுனி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ வரை அழுத்தம் தந்து மண்ணை விலக்கிச் செல்லும்.

இரண்டாவது, உறிஞ்சுதல். வேர் நீரை இழுக்கும்போது அருகிலுள்ள மண் காய்ந்து சுருங்கி வெடிக்கிறது. மழை பெய்தால் மீண்டும் உப்புகிறது. இப்படி நனைந்து காய்வதால்தான் பெரிய கட்டி சிறு உருண்டைகளாகப் பிரிகிறது.

மூன்றாவது, ஒட்டுதல். வேர் ஒரு வழுவழுப்பான பசையைக் கசிய விடுகிறது. அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் தம் பங்குக்குப் பசை தருகின்றன.

நான்காவது, கட்டுதல். மெல்லிய வேர்களும் பூஞ்சை இழைகளும் நூல்போலச் சுற்றி உருண்டைகளைக் கட்டி வைக்கின்றன.

ஐந்தாவது, செத்தும் கொடுத்தல். அழுகிய வேர் விட்டுச்சென்ற துளை, காற்றுக்கும் நீருக்கும் மண்புழுவுக்கும் வழியாகிறது.

1982இல் ஆஸ்திரேலியாவின் டிஸ்டால், ஓட்ஸ் ஆகிய இருவரும் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தனர். கால் மி.மீட்டருக்கும் பெரிய உருண்டைகளை வேர்களும் பூஞ்சை இழைகளும் பிடித்து வைக்கின்றன. அவை நிலையற்றவை. உழவு மிகுந்தாலோ, வேர் இல்லாமல் நிலம் கிடந்தாலோ எளிதில் உடையும். அதைவிடச் சிறிய துணுக்குகளை நெடுநாள் நீடிக்கும் மட்குப் பொருட்கள் பிணைக்கின்றன. 1996இல் சாரா ரைட் குழுவினர் பூஞ்சையோடு தொடர்புடைய 'குளோமாலின்' என்ற பொருளை அறிவித்தனர். அது உண்மையில் என்ன வேதிப்பொருள் என்பது இன்றும் விவாதத்தில்தான் உள்ளது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில், துவரையின் வேர் ஒருவகை அமிலத்தைக் கசியவிட்டு, இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கிறது என்பது 1990இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. வேர் மண்ணின் வடிவத்தை மட்டுமல்ல, அதன் வேதியியலையும் மாற்றுகிறது.

இடைவெளி காணாமல் போனது

காஞ்சிபுரம் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெல் பட்டங்கள் உண்டு. ஏரியை மட்டுமே நம்பியிருந்த காலத்தில், ஒரே வயலில் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வது எளிதல்ல. ஏரி வற்றும், நிலம் காயும். அந்தக் கட்டாய ஓய்வில்தான் வேறு வேர்களுக்கு இடம் கிடைத்தது.

1960களில் ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 போன்ற குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. மின்சார மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் பரவின. பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாட்டுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மண்ணின் பக்கம் நின்று பார்த்தால், இரண்டு சேற்றுழவுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி சுருங்கியது. மாட்டுக்குப் பதில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தன. அவற்றின் எடையால் கெட்டித்தட்டு இன்னும் இறுகியது. நெல்லுக்குப்பின் நெல் என்று ஆனபோது, உளுந்தின் ஆணிவேரும் கொளுஞ்சியின் வேரும் பல வயல்களில் இறங்கவே இல்லை.

இதன் விளைவு இரண்டு விதமாகத் தெரிகிறது. சில நஞ்சைகளில் அடிமண் இறுகி வேர் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் மடங்குகிறது. இதற்கு உளிக்கலப்பையால் உடைத்துவிடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வேறு சில நஞ்சைகளில் இடைவிடாத சேற்றுழவால் மண் கட்டமைப்பே இழந்து, கால் வைத்தால் புதையும் அளவுக்கு இளகிப் போகிறது. அங்கே சரியான ஈரத்தில் 400 கிலோ கல் உருளையை எட்டு முறை உருட்டி இறுக்கும்படி பரிந்துரைக்கிறார்கள். முன்பு வேர் கூலியில்லாமல் செய்த வேலைக்கு, இப்போது உளியும் உருளையும் டீசலும் தேவைப்படுகின்றன.

மீண்டும் வேருக்கு

கடந்த கால் நூற்றாண்டில் சில நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. மடகாஸ்கரில் 1980களில் உருவான நெல் சாகுபடி முறை, 2000ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டுக்கு வந்து 'செம்மை நெல் சாகுபடி' என்று பரவியது. இளம் நாற்றை ஒற்றையாக நட்டு, வயலில் எப்போதும் நீரை நிறுத்தாமல் காயவும் விட்டு, களைக்கருவியால் மண்ணைக் கிளறிவிடும் முறை இது. இதில் வேர் வெண்மையாகவும் அடர்த்தியாகவும் வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

2017இல் குடிமராமத்துப் பணிகளுக்குப் புத்துயிர் அளிக்கப்பட்டபோது, ஏரிகளில் படிந்த வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அனுமதி கிடைத்தது. 2024இல் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப் பயிர்கள் வளர்க்க விதை தருவது அதன் ஒரு பகுதி. தக்கைப்பூண்டு ஆறேழு வாரத்தில் இடுப்பளவு வளர்ந்துவிடும். அதன் தழைச்சத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தழை மடக்கி உழுவதற்கு முன்பே வேர் பாதி வேலையைச் செய்து முடித்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முடிவுரை

பூமியில் தாவரங்களுக்கு வேர் தோன்றி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வேர் வருவதற்குமுன் நிலத்தில் பாறையும் மணலும் தூசும் உண்டு. இன்று வயலில் காணும் ஆழமான, உயிருள்ள மண் வேர் வந்தபின் உருவானது. மண்ணில் செடி வளர்கிறது என்பது பாதி உண்மை. செடியால் மண்ணும் வளர்கிறது என்பது மறுபாதி.

கூரத்தில் பரமேசுவரவர்மன் வெட்டிய ஏரியின் பெயர் செப்பேட்டில் நிலைத்துவிட்டது. ஏரி தூர்ந்தால் மீண்டும் தூர்வாரலாம். கால்வாய் அடைத்தால் மீண்டும் வெட்டலாம். மண்ணின் கட்டமைப்பை அப்படி ஒரு கோடையில் இயந்திரம் வைத்துச் செய்துவிட முடியாது. கரையில் புல்லும் பனையும், வயலில் நெல்லுக்கு நடுவே ஒரு பயறுப் பயிரும் ஆண்டுதோறும் இடம் பெற வேண்டும். ஏரிக்கு வாரியம் வைத்த ஊர்களின் வழிவந்தவர்கள், இரண்டு நெல்லுக்கு நடுவே ஐம்பது அறுபது நாட்களை வேர்களுக்கு ஒதுக்கினால், மண் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும்.